இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு, தம்பி?

(சென்ற ஞாயிறு மாவட்டத் தகவல் தொழில்நுட்ப அணிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே பதிவிடுகிறோம். நீளமான பதிவு. பொறுமையா படிங்க.)



"ஒரு கார்டு டிசைன் பண்ணுவது எப்படி"ன்னு பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. அதைப் பற்றி நமக்கு அடுத்து பேசப்போற தோழர் என்னைவிட நல்லா சொல்வார். நான் வேற ஒண்ணு பேசிக்கிறேன்னு அனுமதி வாங்கிட்டேன். பொறியியல் முடிச்ச நான் எதுக்காக இப்போ சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. பொருளியல் படிச்சுக்கிட்டிருக்கேன்னு சொல்லப் போறேன். அதுக்கு முதல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி. ராத்திரி பதினோரு மணி. எதிர்த்தரப்பு ஒரு பதிவு போட்டிருந்தது, அவங்க ஆளும் மாநிலம்தான் வேகமா வளருதுன்னு. நம்ம குழுவில் எல்லாரும் கொதிச்சுட்டாங்க. "உடனே ஒரு கவுண்ட்டர் வேணும்"னு மெசேஜ் மேல மெசேஜ். நான் லேப்டாப்பைத் திறந்தேன். ரெண்டு மாநிலத்தோட உள்நாட்டு உற்பத்தி வளர்ச்சி விகிதத்தைத் தேடினேன். நமக்குப் பெரிய எண் ஒன்று கிடைத்தது, அவங்களுக்குச் சின்ன எண் ஒன்று கிடைத்தது. பக்கத்துல பக்கத்துல வச்சு, நம்ம பாருக்குப் பச்சை, அவங்க பாருக்குச் சாம்பல். இருபது நிமிஷத்தில் கார்டு ரெடி. விடியுறதுக்குள்ள எங்கெங்கேயோ போயிடுச்சு. என் பள்ளிக்கூட நண்பன் ஒருத்தன், அரசியலே பேசாதவன், எனக்கே அதை ஃபார்வர்ட் பண்ணான்.

மறுநாள் மதியம் எதிர்த்தரப்பில் ஒருத்தர் என் கார்டை எடுத்து ரெண்டு வட்டம் போட்டுப் பதிவிட்டார். நமக்கு நான் எடுத்தது நடப்பு விலையில் வந்த வளர்ச்சி. அவங்களுக்கு எடுத்தது நிலையான விலையில் வந்த வளர்ச்சி. ஒருத்தனைச் செருப்போட நிக்க வச்சும் இன்னொருத்தனை வெறுங்காலோட நிக்க வச்சும் உயரம் அளந்த மாதிரி. வேணும்னு செய்யலை. ஆனா அதை யார் நம்புவாங்க? எனக்கு அந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னே தெரியாது. நாலு வருஷம் பி.இ. படிச்சவன்.

கார்டை எடுத்துட்டோம். அன்னைக்குச் சாயங்காலம் கட்சி அலுவலகத்தில் நம்ம மூத்த அண்ணன் ஒருத்தர், தொழிற்சங்கத்தில் இருந்து வந்தவர், கூப்பிட்டார். திட்டுவார்னு நினைச்சேன். டீ வாங்கிக் கொடுத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு?"

"இன்டர்நெட்ல இருந்துண்ணே."

"அது சரி. இன்டர்நெட்டுக்கு எங்க இருந்து வந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியலை.

அந்த வருஷம்தான் விண்ணப்பம் போட்டேன். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம், பகலில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. வாலாஜா சாலையில் பத்து நிமிஷம் நடந்தா சேப்பாக்கம் வளாகம். வீட்டில் சொன்னதும் அம்மா, "ஏன்டா, இன்ஜினியரிங் படிச்சுட்டு திரும்ப ஆர்ட்ஸா? யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"ன்னாங்க. இந்த ஒரு வரிக்குப் பின்னாடி நம்ம ஊர்ல ஒரு முழு வரலாறே இருக்கு. மார்க் எடுத்தவன் இன்ஜினியரிங், எடுக்காதவன் கலைப்பிரிவு. நானும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான்.

முதல் காண்டாக்ட் கிளாஸில் என் பக்கத்தில் ஒரு ஆயுதப்படைக் காவலர், முன்னாடி ரெண்டு பள்ளி ஆசிரியைகள், பின்வரிசையில் குரூப் 1 படிக்கும் பசங்க, கைக்குழந்தையை அம்மாகிட்ட வெளியே விட்டுட்டு வந்த ஒரு அக்கா. ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம்னா என்னன்னு எனக்கு அந்த வகுப்பறைதான் காட்டியது. 1857-ல் தொடங்கின பல்கலைக்கழகம். அந்த செனட் ஹவுஸை வெளியே நின்னு போட்டோ எடுத்திருக்கேனே தவிர, உள்ளே நமக்கும் ஒரு இடம் இருக்குன்னு தோணியதே இல்லை.

பாடத்துக்கு வர்றேன். நான் பயந்த கணக்கு அங்கே பயமே இல்லை. இன்ஜினியரிங்கில் முதல் செமஸ்டர் கணக்கில் லக்ராஞ்சி பெருக்கின்னு ஒண்ணு வரும். எதுக்குன்னே தெரியாம மனப்பாடம் பண்ணி, அரியர் வச்சு, ரெண்டாவது தடவை பாஸ் பண்ணினேன். அதே லாம்டா நுண்ணியல் பொருளியலில் வந்து நின்னுச்சு. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் வருமானம். அதுக்குள்ள அதிகபட்ச திருப்தி வேணும். கையில் இன்னும் ஒரு ரூபாய் கூடுதலா இருந்தா அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நன்மை கூடும்? அதுதான் லாம்டா. மாசக் கடைசியில் எங்க அம்மாவுக்கு அந்த லாம்டா எவ்வளவு பெருசுன்னு எனக்கு நல்லாவே தெரியும். இதை முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தா அரியர் வச்சிருக்க மாட்டேன். சரி, போகட்டும்.

என்னைக் கவிழ்த்த நடப்பு விலை, நிலையான விலை விஷயத்தை மேடம் ஒரு டீக்கடையை வச்சு சொல்லிக் கொடுத்தாங்க. போன வருஷம் கடையில் 100 டீ வித்தது, ஒரு டீ 10 ரூபாய். மொத்தம் 1,000. இந்த வருஷம் 104 டீ வித்தது, ஒரு டீ 12 ரூபாய். மொத்தம் 1,248. கல்லாப்பெட்டியைப் பார்த்தா 24.8 சதவீத வளர்ச்சி. ஆனா கூடுதலா எத்தனை டீ போட்டார்? நாலுதான். விலையைப் போன வருஷத்து 10 ரூபாயிலேயே நிறுத்திவச்சுப் பார்த்தா வளர்ச்சி 4 சதவீதம். மேலே சொன்னது நடப்பு விலை, கீழே சொன்னது நிலையான விலை. ரெண்டுமே பொய் இல்லை. அரசு எவ்வளவு கடன் வாங்கலாம்னு உற்பத்தியோட விகிதமா பார்க்கும்போது நடப்பு விலைதான் வேணும். மக்களுக்கு உண்மையில் கூடுதலா என்ன கிடைச்சுதுன்னு பார்க்க நிலையான விலை வேணும். நான் நம்ம கடைக்குக் கல்லாவையும் அவங்க கடைக்கு டீ கிளாஸையும் எண்ணி ஒப்பிட்டவன்.

இப்போ அண்ணன் கேட்ட கேள்விக்கு வர்றேன். நம்பர் எங்க இருந்து வருது?

நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் பற்றித் தெரிஞ்சுக்கிட்டேன். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்குன்னு முதல் பேராசிரியர் பதவி உண்டாக்கி, கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயரை நியமிச்சாங்க. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிக்கிறதுக்குன்னே இருந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வரா இருந்தவர். வந்தவருக்கு இந்த நாட்டைப் பற்றி ஒண்ணும் தெரியாது. தனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது, அது பெரிய விஷயம். அவர் என்ன செஞ்சார் தெரியுமா? ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணி மாணவர்கள் கையில் கொடுத்து, "லீவுக்குப் போறீங்கல்ல, கிராமத்தைக் கணக்கெடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுறாங்க, எல்லாம். அதிலிருந்து வந்த புத்தகம் 1918-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது, "சில தென்னிந்தியக் கிராமங்கள்"னு தலைப்பு.

அதில் இருந்த தமிழ்க் கிராமங்களின் பெயரைப் படிச்சுக்கிட்டே வர்றேன். அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான், தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, வட ஆற்காட்டில் தூசி. அப்புறம் தென் ஆற்காடு மாவட்டத்தில் "எருவெள்ளிப்பெட்"னு இங்கிலீஷில் ஒரு பெயர். ரெண்டு தடவை படிச்சப்புறம்தான் உறைச்சது. நம்ம இருவேல்பட்டு!

உளுந்தூர்பேட்டை பக்கம் எங்க ஊருக்கு சென்னையில் இருந்து பஸ்ஸில் போனா, விழுப்புரம் தாண்டி அரசூர் பக்கத்தில் அந்தப் பெயர்ப்பலகை வரும். நூறு தடவையாவது கடந்து போயிருப்பேன். பாதி தடவை தூங்கியிருப்பேன். உலகத்தில் பொருளியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து எண்ணிப் பார்த்த ஒரு ஊர் என் பஸ் ஜன்னலுக்கு வெளியே இருந்திருக்கு.

திரும்பத் திரும்பன்னு ஏன் சொல்றேன்னா, ஸ்லேட்டரோட நிக்கலை. இருபது வருஷம் கழிச்சு 1930-களில் அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியரா இருந்த பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆய்வு செஞ்சு 1940-ல் புத்தகமா போட்டாங்க. 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போய் எழுதினாங்க. 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூணு பேரும் மறுபடி போனாங்க. அந்தக் கட்டுரை 2010-ல் வந்தது. ஏறத்தாழ நூறு வருஷம், ஒரே ஊர்.

அந்த நூறு வருஷத்தில் என்ன நடந்தது? ஸ்லேட்டர் காலத்தில் அந்த ஊரில் படியாட்கள் இருந்தாங்க. வாங்கின கடனுக்காகத் தலைமுறை தலைமுறையா ஒரு நிலக்காரரிடம் கட்டுண்டு கிடந்த உழைப்பாளிகள். ஒரே பெரிய குடும்பத்தின் கையில்தான் ஊர் இருந்தது. 2008-ல் போய்ப் பார்த்தப்போ படியாள் முறை இல்லை. நிலத்தின் மேல் அந்தப் பழைய பிடி தளர்ந்துபோச்சு. விவசாயத்தை மட்டும் நம்பாம ஜனங்க ஊருக்கு வெளியே வேலைக்குப் போறாங்க. ஒடுக்கப்பட்ட மக்கள் யாரையும் சார்ந்து நிற்க வேண்டிய கட்டாயம் குறைஞ்சிருக்கு.

இதை நான் படிச்சப்போ என்ன தோணுச்சுன்னா, "நம்ம மாநிலம் மாறிடுச்சு"ன்னு நாம எத்தனையோ பதிவு போட்டிருக்கோம். எதிர்த்தரப்பு "ஒண்ணுமே மாறலை"ன்னு போட்டிருக்கு. ரெண்டு பேருமே ஒரு ஊருக்குள்ளகூடப் போய்ப் பார்த்ததில்லை. 1916-ல் கடன் எவ்வளவுன்னு ஒரு கல்லூரிப் பையன் வீடு வீடா கேட்டு எழுதிவச்சதால்தான் இன்னைக்கு மாறியிருக்குன்னு சொல்ல முடியுது. அவன் எழுதாம விட்டிருந்தா நமக்குப் பெருமைப்படக்கூட ஆதாரம் இல்லை.

அந்த லீவில் ஊருக்குப் போனப்போ எனக்கும் ஒரு ஆசை. எங்க தெருவையே எண்ணிப் பார்க்கலாம்னு ஒரு நோட்டோட கிளம்பினேன். கேள்வி, நம்ம நாட்டில் வேலைவாய்ப்பை அளக்கிற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் கேட்கிற மாதிரி கேள்வி. 2017-ல் தொடங்கின கணக்கெடுப்பு அது. வேலையில்லாத் திண்டாட்டம் இத்தனை சதவீதம்னு நாம போடுற கார்டு எல்லாம் அதிலிருந்துதான் வருது. முதல் வீடா எங்க வீட்டையே எடுத்துக்கிட்டேன்.

எங்க அம்மா மாவு ஆட்டி பாக்கெட் போட்டு விக்கிறாங்க. பாட்டி உளுந்து கழுவிக் கொடுப்பாங்க, பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போடுவாங்க. தங்கச்சி பி.காம். முடிச்சுட்டு டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிறா.

பாட்டிகிட்ட கேட்டேன், "ஆயா, நீ என்ன வேலை பார்க்கிற?"

"நான் என்னா வேலை பார்க்கிறேன்? சும்மாதான்டா குந்திக்கினு இருக்கேன்."

நான் அதை அப்படியே எழுதியிருந்தா, கணக்கில் பாட்டி உழைப்புச் சந்தைக்கு வெளியே. ஆனா விதிப்படி, குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காம உதவுறவரும் வேலையில் இருப்பவர்தான். கணக்கெடுக்க வர்றவர் ரெண்டாவது கேள்வி கேட்டா பாட்டி வேலையில் இருக்காங்க. கேட்காம போனா இல்லை. அம்மா சுயதொழில் செய்பவர். தங்கச்சி? "வேலை தேடுறேன்"னு சொன்னா வேலையில்லாதவர். "படிச்சுக்கிட்டிருக்கேன்"னு சொன்னா வேலையில்லாதவர் பட்டியலிலேயே வர மாட்டா. இதில் இன்னொரு அளவுகோல் இருக்கு, நடப்பு வார நிலைன்னு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரே ஒரு மணி நேரம் வேலை செஞ்சிருந்தாலும் அந்த வாரத்துக்கு நீங்க வேலையில் இருப்பவர். இதைத் தங்கச்சிகிட்ட சொன்னப்போ, "நேத்து நானும் ஒரு மணி நேரம் பாக்கெட் போட்டேன். அப்போ எனக்கு வேலை கிடைச்சுடுச்சா?"ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்குச் சிரிப்பு வரலை.

இப்போ நாட்டு நிலவரம் பாருங்க. 15 வயசுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பில் பங்கேற்பவர்கள் 2017-18-ல் 23.3 சதவீதம். 2023-24-ல் 41.7. அதே காலத்தில் வேலையின்மை விகிதம் 6.0-ல் இருந்து 3.2-க்கு இறங்கியிருக்கு. இதை வச்சு "பெண்கள் எழுச்சி"ன்னு ஒரு கார்டு போடலாம். சம்பள வேலை இல்லாததால் எங்க பாட்டி மாதிரி, தங்கச்சி மாதிரி வீட்டுத் தொழிலிலும் வயலிலும் ஒட்டிக்கிட்டவங்க எத்தனை பேர்னு கேட்டு எதிர் கார்டும் போடலாம். எந்தக் கட்சியும் ரெண்டு கார்டையும் போடலாம், அது ஆட்சியில் இருக்கா எதிர்க்கட்சியா இருக்கா என்பதைப் பொறுத்து. இந்தக் கணக்கு 2025-ல் இருந்து மாசா மாசம் வேற வருது. மாசா மாசம் சண்டை போட நமக்குத் தீனி. ஆனா வேலையின்மை 3.2 என்பதைக் கேட்டு, "அப்போ ஏன் எங்க தெருவில் இத்தனை பசங்க சும்மா இருக்காங்க"ன்னு கேட்கிற ஒரு அப்பாவுக்கு நம்ம கையில் பதில் இருக்கணும். பதில், அந்த எண் பொய் என்பது இல்லை. அந்த எண் வேலையோட தரத்தைக் கேட்கவே இல்லை என்பதுதான்.

அடுத்து நம்ம எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச சப்ஜெக்ட். நிதிப் பகிர்வு.

"ஒரு ரூபாய் கொடுத்தா 29 பைசாதான் திரும்பி வருது." இந்த வரியைக் கேட்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. நானும் பகிர்ந்திருக்கேன். பொது நிதியியல் வகுப்பில் இதைப் பெருமையா சொன்னேன். மேடம் கேட்டாங்க: "மேலே என்ன போட்டிருக்கீங்க, கீழே என்ன போட்டிருக்கீங்க?" கீழே இருக்கிறது இந்த மாநிலத்தில் வசூலான மத்திய வரி. ஒரு கம்பெனியோட வருமான வரி அதோட தலைமை அலுவலகம் எங்க கட்டுதோ அங்க பதிவாகும். தொழிற்சாலை எங்க ஊர்ல இருக்கலாம், வரி மும்பைக் கணக்கில் ஏறலாம். தலைகீழாகவும் நடக்கலாம். ஆக, அந்தப் பகுதியே கேள்விக்குரியது. "அப்போ எங்க கோபம் தப்பா மேடம்?"னு கேட்டேன். "கோபம் தப்புன்னு நான் சொல்லலையே. வேற கணக்கு போட்டுப் பாருங்க"ன்னாங்க.

போட்டேன். நீங்களும் போனில் கால்குலேட்டரை எடுங்க.

மாநிலங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற மத்திய வரித் தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு 13-வது நிதி ஆணையத்தில் 4.969 சதவீதம். 14-வதில் 4.023. 2021 முதல் 2026 வரைக்கான 15-வதில் 4.079. விழுந்திருக்கு, சந்தேகமே இல்லை. இதோட நிறுத்தி கார்டு போட்டா நம்ம ஆளுங்க கைதட்டுவாங்க. ஆனா இதே காலத்தில் மாநிலங்கள் எல்லாத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிற மொத்தப் பங்கு 32-ல் இருந்து 42 சதவீதமா உயர்ந்தது. அதனால் தொகுப்பில் இருக்கிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் நமக்கு வந்தது முன்னாடி 1 ரூபாய் 59 காசு, அப்புறம் 1 ரூபாய் 69 காசு. குறையலை, கொஞ்சம் கூடியிருக்கு! இதை எதிர்த்தரப்பு தூக்கிட்டு வரும். வர்றதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சிருக்கணும். நம்ம பதில் என்ன? பழைய 4.969 அப்படியே இருந்திருந்தா 2 ரூபாய் 9 காசு வந்திருக்கணும். மத்த மாநிலங்களுக்குக் கூடின அளவுக்கு நமக்குக் கூடலை. 15-வது ஆணையத்தின் 41 சதவீதமும் 4.079-மும் சேர்த்தா 1 ரூபாய் 67 காசு. அதோட, மேல்வரியும் கூடுதல் வரியும், அதாவது செஸ், சர்சார்ஜ், அந்தத் தொகுப்புக்குள்ளேயே வராது. செஸ்ஸை வெளியே வைக்கலாம்னு 2000-ல் வந்த 80-வது அரசியல் சட்டத் திருத்தம் எழுதியே வச்சிருக்கு. அந்த வழியா வசூலாகிறதில் ஒரு பைசா பங்கும் மாநிலங்களுக்கு உரிமையா கிடையாது. 29 பைசா என்ற வரியைவிட இந்த வாதம் பலமானது. என்ன, ஒரு வரியில் அடங்காது. மீம் ஆகாது.

15-வது ஆணையம் பங்கைப் பிரிச்ச விதமும் தெரிஞ்சுக்கங்க. வருமான இடைவெளிக்கு 45 சதவீத எடை, 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கு 12.5, காடு மற்றும் சூழலுக்கு 10, வரி முயற்சிக்கு 2.5. தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் போகணும் என்பதுதான் அந்த 45. இதை நான் தவறுன்னு சொல்ல மாட்டேன். நான் இருக்கிற தெருவில் கட்டட வேலைக்கு வந்திருக்கிற பீகார் பையனுக்கு அவன் ஊர்லயே ஒரு நல்ல பள்ளிக்கூடம் வேணும்னு நான் நினைக்கிறேன். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியா செஞ்ச மாநிலம் அதுக்காகத் தண்டனை வாங்கக் கூடாது என்பதும் நியாயம். 12.5 அதுக்குப் போதுமா என்பதுதான் சண்டை. இப்படிச் சண்டை போட்டா எதிரே இருக்கிறவன் நம்மைத் திட்ட முடியும், கேலி பண்ண முடியாது.

இதையெல்லாம் நான் தமிழில்தான் எழுதிப் பார்த்துக்கிறேன். இறுதிநிலைப் பயன்பாடு, நெகிழ்ச்சி, நுகர்வோர் உபரின்னு பதினோராம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே நல்ல சொற்கள் இருக்கு. நான் கணினி அறிவியல் பிரிவு, அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. எம்.ஏ. சேர்ந்தப்புறம் பழைய புத்தகக் கடையில் அதை வாங்கிப் படிச்சேன். கேட்டா வெட்கம்தான். ஆனா உங்களில் யாருக்காவது ஆசை இருந்தா அங்கிருந்தே தொடங்குங்க, எம்.ஏ. எல்லாம் அப்புறம்.

சில தோழர்கள் கேட்கிறாங்க, "நீ இப்படி ஒவ்வொரு எண்ணையும் நோண்டிக்கிட்டிருந்தா நாம எப்போ பதில் போடுறது? அவங்க நிமிஷத்துக்கு ஒண்ணு போடுறாங்களே?" உண்மைதான். நான் இப்போ ஒரு கார்டுக்கு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கிறேன். மூணு தடவை ட்ரெண்டிங்கை விட்டிருக்கேன், அணியில் என் மேல வருத்தம் இருக்கு. அந்த வருத்தத்துக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. என் வேலை டெஸ்டிங். ஒரு சாஃப்ட்வேரை எந்த இடத்தில் தட்டினா உடையும்னு வாடிக்கையாளருக்கு முன்னாடி நாங்க கண்டுபிடிக்கணும். கார்டையும் அப்படித்தான் தட்டிப் பார்க்கிறேன். என்ன விலை, எந்த ஆண்டு, யாரை எண்ணினாங்க, யாரை விட்டாங்க, கீழே என்ன போட்டு வகுத்தாங்க. உடைஞ்சா போடுறதில்லை.

அந்தப் பழைய கார்டு இருக்கே, பச்சை பார், சாம்பல் பார், அது இன்னும் சுத்துது. போன பொங்கலுக்கு எங்க சித்தப்பா குடும்பக் குழுவில் போட்டார். நம்ம கட்சிக்காரர். "சித்தப்பா, இது தப்பு"ன்னு எழுதினேன். "எதிர்த்தரப்பு ஆளா நீ?"ன்னு கேட்டார். "இல்லை சித்தப்பா, இதைச் செஞ்சதே நான்தான்"னேன். அதுக்கப்புறம் அவர் பதில் போடலை. திருத்தின கார்டை அனுப்பினேன், நம்ம மாநிலத்துக்கும் அவங்க மாநிலத்துக்கும் ரெண்டுக்குமே நிலையான விலையில். அதிலும் நாமதான் முன்னாடி, வித்தியாசம் கம்மி, அவ்வளவுதான். அதை அவர் யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணின மாதிரி தெரியலை.

ஸ்லேட்டர் புத்தகம் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமா இருக்கு. வேணும்ங்கறவங்க கமெண்ட்ல சொல்லுங்க, லிங்க் அனுப்புறேன். இருவேல்பட்டு பக்கத்துத் தோழர்கள் யாராவது இருந்தா தனியா பேசுங்க, உங்க ஊருக்கு ஒரு நோட்டோட வரணும்னு ஆசை. அடுத்த மாசம் எனக்குப் பொது நிதியியல் தேர்வு இருக்கு. அது முடியுற வரைக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு "அவசரமா ஒரு கவுண்ட்டர்"னு யாரும் மெசேஜ் போடாதீங்க, தோழர்களே.